தன் அனுபவமும் மாணவர் படைப்பும்: சிவகாசி வட்டாரக் கவிதைகளும் படக்கதைகளும்

பள்ளி மாணவர்கள் தாம் கண்டதையும் பட்டதையும் கவிதையாகவோ படக்கதையாகவோ ஆக்குவது இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைபெறும் செயல்பாடு. ஆண்டுமலர், கையெழுத்து இதழ், கலைத் திருவிழாப் போட்டிகள் ஆகியவை இதற்கு இடம் தருகின்றன. பள்ளிக் கல்வித் துறை 4, 5ஆம் வகுப்புகளுக்காக 'ஊஞ்சல்' என்ற இதழையும், 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்காக 'தேன்சிட்டு' என்ற இதழையும் 2022இல் தொடங்கியது. அவற்றிலும் மாணவர் படைப்புகள் இடம்பெற்றன.

இடம் பெருகிய அளவுக்கு விமர்சனம் பெருகவில்லை. மாணவர் எழுதியது என்றால் 'அருமை' என்று எழுதிக் கையொப்பம் இடுகிறோம். அல்லது எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழிக்கிறோம். இரண்டுமே படைப்பைப் படித்ததாகாது. ஒரு மாணவர் தன் வாழ்வைப் பற்றி எழுதும்போது அவர் எதைக் கண்டார், எதை இரவல் வாங்கினார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்த எழுத்துக்கு நாம் தரும் மரியாதை. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் வட்டாரத்து மாணவர்களின் படைப்புகளை முன்வைத்து அந்த வேலையைச் செய்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பிறரால் எழுதப்பட்ட பிள்ளைகள்

1923இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் இம்மூன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 'குட்டி ஜப்பான்' என்ற பெயரும் ஊருக்கு வந்தது.

அதே காலத்தில் தீக்குச்சி அடுக்கும் கட்டைக்கு முன்னால் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி ஆய்வுகளும் செய்திகளும் நிறைய வந்தன. சலம் பென்னுர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990இல் வெளியானது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் தொடர்பான எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று முதலாளிகளுக்கு அத்தீர்ப்பு ஆணையிட்டது.

ஆவணப்படம் வந்தபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலரின் பிள்ளைகள் இன்று பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள் அல்லது முடிக்கும் தறுவாயில் இருக்கிறார்கள். பெற்றோரைப் பற்றிப் பிறர் எழுதினார்கள், படம் எடுத்தார்கள், தீர்ப்பு வழங்கினார்கள். அவை தேவையான பணிகள், பயனும் தந்தன. ஆனால் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து சொல்லக்கூடிய முதல் தலைமுறை இப்போது பள்ளியில் பேனா பிடித்திருக்கும் தலைமுறைதான். ஆகவே இந்த வட்டாரத்தில் மாணவர் படைப்பு என்பது போட்டிக்கான பொழுதுபோக்கு மட்டும் அன்று. அது ஒரு சாட்சியம். அதைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் போனால் இழப்பு நமக்குத்தான்.

இரவல் சோகம்

மாணவர் கவிதைகளில் முதலில் கண்ணில் படுவது தலைப்புகளின் ஒற்றுமை. அன்னை, நட்பு, இயற்கை, கல்வி, மழை ஆகியவை எல்லா ஊர்களிலும் உள்ளவை. இந்த வட்டாரத்தில் 'பட்டாசுத் தொழிலாளி' என்பதும் ஒரு நிலையான தலைப்பாகிவிட்டது. அந்தத் தலைப்பில் எழுதப்படும் கவிதைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஊருக்கெல்லாம் வெளிச்சம், எங்கள் வீட்டில் இருட்டு. வானத்தில் பூ, வாழ்க்கையில் கண்ணீர். முடிவில் ஒரு வியப்புக்குறி.

இந்த முரண் பொய்யானது என்று சொல்ல முடியாது. முதன்முதலில் அதைக் கண்டுபிடித்தவருக்கு அது உண்மையாக இருந்திருக்கும். நூறாவது மாணவருக்கு அது தயாராகக் கிடைக்கும் சாமான். அவர் வீட்டில் நடப்பதைப் பார்க்க வேண்டிய தேவையையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பட்டாசு ஆலையின் வாசலைக்கூட மிதிக்காத வெளியூர் மாணவர் ஒருவர் அதே கவிதையை எழுதிவிட முடியும் என்றால், அதில் 'தன் அனுபவம்' எங்கே இருக்கிறது?

ஹைக்கூவுக்கும் இதே நிலைதான். பாரதியார் 1916இல் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். சொற்சுருக்கத்தை அவர் அதில் எடுத்துக்காட்டினார். பள்ளிக்கு வந்த ஹைக்கூ பெரும்பாலும் மூன்று வரியில் ஒரு விடுகதையாகச் சுருங்கிவிட்டது. முதல் இரண்டு வரி புதிர், மூன்றாம் வரி விடை. கண்ணால் கண்ட ஒரு காட்சியைச் சேதமில்லாமல் வாசகர் கையில் கொடுப்பது என்ற அடிப்படை விடுபட்டுப் போகிறது.

இதற்கு மாணவரைக் குறை சொல்வது நியாயமன்று. எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். எதுகை அமைந்தால் கைதட்டு, கடைசி வரி அறிவுரையானால் முதல் பரிசு என்றிருக்கும்வரை இந்தக் கவிதைகளே வரும்.

படக்கதை கேட்கும் கேள்விகள்

ஒரே மாணவியின் இரண்டு படைப்புகளை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர். அவர் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அந்த மாணவி எழுதிய கவிதை மேலே சொன்ன வகையைச் சேர்ந்தது. அம்மாவின் வியர்வை, பிறர் வீட்டுத் தீபாவளி, தம் வீட்டு இருள் எல்லாம் அதில் இருந்தன. ஓசையும் நன்றாக இருந்தது.

அதே பொருளில் அவர் நான்கு கட்டங்களில் ஒரு படக்கதையும் வரைந்திருந்தார். முதல் கட்டத்தில் ஆலை வேன் தெருமுனையில் நிற்கிறது. அம்மா தூக்குவாளியோடு இறங்குகிறார். இரண்டாவதில் சிறுமி ஓடிவருகிறாள். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கிட்ட வராத தாயி, இரு, கையக் கழுவிட்டு வந்துர்றேன்" என்கிறார். மூன்றாவதில் குழாயடி, வாளித் தண்ணீரில் அலுமினியப் பவுடரின் மினுமினுப்பைப் பென்சிலால் தேய்த்துக் காட்டியிருந்தார். நான்காவது கட்டத்தில் சொல்லே இல்லை. இரவு. தூங்கும் அம்மாவின் கை பெரிதாகத் தெரிகிறது. நகக்கண்ணில் இன்னும் அந்த மினுமினுப்பு.

மனிதர்களின் உருவ அளவு கட்டத்துக்குக் கட்டம் மாறியது. வேன் தீப்பெட்டி போல இருந்தது. ஆனாலும் இந்தப் படைப்பு அந்த மாணவிக்கு மட்டுமே சொந்தமானது. வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது.

ஏன் இந்த வேறுபாடு? கவிதையில் 'உழைக்கும் கை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். படத்தில் அப்படி முடியாது. எந்தக் கை? அதில் என்ன ஒட்டியிருக்கிறது? அம்மா எங்கே நிற்கிறார்? மகள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள்? வரைகிறவர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும். விடை தேடும்போது அவர் தன் வீட்டுக்குள் பார்க்க வேண்டியதாகிறது. இரவல் சொற்களுக்கு அங்கே வேலை குறைவு.

இன்னொரு காரணம் மொழி. வசன பலூனுக்குள் எழுதுவது பேச்சு. அங்கே 'தாயி' என்றும் 'வந்துர்றேன்' என்றும் எழுதினால் யாரும் சிவப்பு மையை எடுப்பதில்லை. கட்டுரை நோட்டில் அடிபடும் கரிசல் பேச்சு பலூனுக்குள் பத்திரமாக இருக்கிறது. கரிசல் வட்டாரச் சொற்களுக்குக் கி.ராஜநாராயணன் தனி அகராதியே தொகுத்தார். அந்தச் சொற்கள் பேசப்படும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவற்றைப் பள்ளியில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் நாம் கற்றுக்கொடுத்தது.

காமிக்ஸ் அச்சான ஊர்

படக்கதை சிவகாசிக்கு அந்நியமான வடிவம் அன்று. 1972இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் அவருடைய மகன் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் இந்த ஊரிலிருந்தே வெளிவந்தன. முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. தமிழ்நாடு முழுவதும் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குப் படக்கதை படிக்கும் பழக்கத்தை உண்டாக்கிய பெருமை இவற்றுக்கு உண்டு.

ஆனால் அந்தக் கதைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. கதை நடக்கும் ஊரும் நாயகனும் வேறு எங்கோ. அச்சடித்த ஊரின் தெரு அந்தக் கட்டங்களுக்குள் வரவில்லை. அதன் தடத்தை மாணவர் படக்கதைகளில் இன்றும் பார்க்கலாம். ஆலை விபத்தை வரையச் சொன்னால் பக்கம் நிறைய நட்சத்திர வடிவம், நடுவில் 'டமார்', அடுத்த கட்டத்தில் பறந்து வந்து காப்பாற்றும் நாயகன். இப்போது அந்த நாயகனுக்கு ஜப்பானிய அனிமேத் தலைமுடி இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். வெடிப்புக்கு முன்னால் அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கட்டத்துக்குள் வருவதே இல்லை. ஆகவே படக்கதையில் இரவலே நுழையாது என்று சொல்லிவிட முடியாது. கவிதையில் இரவல் சோகம். படக்கதையில் இரவல் சாகசம்.

முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972இல் ஜப்பானில் கெய்ஜி நாகசாவா 'நான் பார்த்தேன்' என்ற சிறு படக்கதையை வெளியிட்டார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளி வாசலில் நின்றிருந்தார். பள்ளியின் மதில் சுவர் அவரை மறைத்துக் காப்பாற்றியது. தந்தையும் அக்காவும் தம்பியும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு 'வெறுங்கால் ஜென்' தொடரை அவர் தொடங்கினார். அது வெளிவந்தது சாகசக் கதைகள் நிறைந்த ஒரு சிறுவர் இதழில். சாகசத்துக்குப் பழகிய வடிவத்துக்குள் தன் வீட்டுச் சாவை அவர் கொண்டுவந்தார்.

ஈரானில் பிறந்த மர்ஜானே சத்ரபி தன் சிறுவயதைச் சொல்லும் 'பெர்ஸபோலிஸ்' நூலைப் பிரெஞ்சு மொழியில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டார். கறுப்பு வெள்ளையில் எளிய கோடுகள். நன்றாக வரையத் தெரிந்தவர்தான் படக்கதை செய்ய முடியும் என்று தயங்கும் மாணவர்கள் அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சரத் சர்மாவின் 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' அமைப்பு பரப்பிய முறை இன்னும் எளிமையானது. இரண்டு ஏ4 தாள், நான்கு கட்டம், கறுப்பு மை. வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். ஓவியர் அல்லாத சாதாரண மக்கள் தம் ஊர்ப் பிரச்சினையைத் தாமே வரைவதுதான் அதன் அடிப்படை.

கவிதை சொல்லாமல் விடுவது

இதனால் கவிதையைவிடப் படக்கதையே சிறந்தது என்று முடிவுகட்டத் தேவையில்லை. கவிதையால் மட்டுமே முடிகிற காரியங்கள் உண்டு.

2018 அக்டோபரில் பட்டாசு தொடர்பான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய ஆறு வரிக் கவிதையில் தடை இல்லை, நீதிமன்றம் இல்லை, பசி என்ற சொல்கூட இல்லை. அப்பாவின் தூக்குவாளி பகலிலும் ஆணியில் தொங்குகிறது. அம்மா அதை எடுத்து விளக்கி மறுபடியும் மாட்டுகிறார். மத்தியானம் அப்பா வீட்டில் தட்டில் சாப்பிடுகிறார். இவ்வளவுதான்.

இதை வரைந்திருந்தால் அப்பாவின் முகத்தை வரைய வேண்டி வந்திருக்கும். முகத்தில் சோகத்தைக் காட்ட வேண்டி வந்திருக்கும். கவிதையில் அந்த முகம் தேவைப்படவில்லை. பயன்படாத பாத்திரத்தை அம்மா ஏன் விளக்குகிறார் என்று வாசகர் ஒரு கணம் யோசிக்கிறார். அங்கே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஓசை நயம், அணி நயம் என்று தேடுகிற கண்ணுக்கு இந்தக் கவிதையில் எதுவும் கிடைக்காது. போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசுகூட வராமல் போகலாம். ஆனாலும் மாணவர் கவிதையில் நான் படித்த சிறந்தவற்றுள் இது ஒன்று.

உடலோடும் வேலையோடும் இடத்தோடும் சேர்ந்த அனுபவத்துக்குப் படக்கதை பொருந்துகிறது. இல்லாமற் போனதையும் வீட்டில் யாரும் பேசாததையும் கவிதை தாங்குகிறது. எந்த அனுபவத்துக்கு எது என்று மாணவர் தாமே தேர்ந்துகொள்ள விட்டால் பாதி வேலை முடிந்தது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோச் நியூயார்க் பள்ளிக் குழந்தைகளோடு செய்த பயிற்சிகளை 1970இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வரியையும் 'எனக்கு ஆசை' என்பதுபோலத் தொடங்கச் சொல்வது அவருடைய புகழ்பெற்ற பயிற்சி. வெள்ளைத் தாளைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு அது உதவும். ஆனால் ஆசையை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் கலெக்டர் ஆவதையும் டாக்டர் ஆவதையும் எழுதக்கூடும். 'எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குவது', 'வேன் வரும்முன் நடப்பது', 'அம்மாவின் கையில் இருப்பது' என்று கண்முன் உள்ள பொருளிலிருந்து தொடங்குவது இங்கே அதிகம் பயன்தரும்.

இத்தாலியின் மலைக்கிராமமான பார்பியானாவில் எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதி 1967இல் வெளிவந்த கடிதம், ஜே. ஷாஜஹான் மொழிபெயர்ப்பில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்று தமிழில் கிடைக்கிறது. அவர்கள் எழுதிய முறையையும் அந்நூலே விளக்குகிறது. தோன்றும் கருத்துகளைத் தனித்தனிச் சீட்டுகளில் குறித்து, அவற்றை வகைவகையாக அடுக்கி, தேவையற்ற ஒவ்வொரு சொல்லையும் நீக்கிக்கொண்டே போவது. 'திருத்தம்' என்றால் பிழை சுழிப்பது என்று நினைக்கும் வகுப்பறைக்கு இது நல்ல மாற்று.

அச்சு ஊருக்கு இன்னும் பொருத்தமான முன்மாதிரி பிரான்சின் செலஸ்தின் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டதால் அந்த ஆசிரியரால் நெடுநேரம் பேச முடியவில்லை. 1924 வாக்கில் தம் கிராமப் பள்ளிக்குள் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் எழுதியதைத் தாமே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்பி, அங்கிருந்து வந்ததைப் படித்தார்கள். வாசகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபின் எழுத்து மாறுகிறது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் சிவகாசி, நாடு முழுவதற்கும் காலண்டரும் நோட்டும் லேபிளும் அச்சடிக்கிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பள்ளிகளின் பிள்ளைகள் எழுதிய பதினாறு பக்கச் சிற்றிதழ் ஒன்றை அச்சடிப்பது இந்த ஊருக்குப் பெரிய செலவாகாது.

சொல்லாதிருக்கும் உரிமை

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தோர் இருபதுக்கும் மேல். இந்த வட்டாரத்தில் எந்த வகுப்பறையிலும் இத்தகைய வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அங்கே நின்று 'உன் வாழ்வில் மறக்க முடியாத துயரத்தை எழுது' என்று கரும்பலகையில் எழுதுவது எளிது. எழுதப்போகும் பிள்ளைக்கு அது எளிதன்று. நல்ல மதிப்பெண் வேண்டுமானால் தன் வீட்டுச் சாவை விரித்துக்காட்ட வேண்டும் என்று அந்தப் பிள்ளை புரிந்துகொண்டால், நாம் கற்றுக்கொடுத்தது படைப்பாக்கம் அன்று.

ஒருமுறை மாணவி ஒருவர் தன் தாளை நான்காக மடித்துக் கொடுத்து, "சார், நீங்க மட்டும் படிங்க" என்றார். அதில் இருந்தது என்ன என்பது இங்கே தேவையில்லை. அந்தத் தாள் அவரிடமே திரும்பிப் போனது. எழுதியதும் அதை யார் படிக்கலாம் என்று முடிவு செய்ததும் அவரே. அந்த இரண்டாவது முடிவும் எழுத்தின் ஒரு பகுதி.

ஆகவே மூன்று நடைமுறைகள் அவசியம். துயரத்தைத் தலைப்பாகத் தரக்கூடாது. மகிழ்ச்சியோ சலிப்போ சண்டையோ எதையும் எழுத இடம் இருக்க வேண்டும். மாணவரின் சம்மதம் இல்லாமல் எதையும் ஒட்டவோ அச்சிடவோ கூடாது. சம்மதித்தவரும் பின்னர் மனம் மாறலாம். குடும்பத்தினரை அடையாளம் காட்டும் பெயர், ஊர், ஆலை விவரங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும். வேலை கொடுக்கும் இடத்தைப் பற்றி மகள் எழுதியதற்காகத் தாய்க்கு நெருக்கடி வந்துவிடக் கூடாது.

எப்படி மதிப்பிடுவது

மாணவரின் சுய அனுபவப் படைப்பைப் படிப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதை வேறு ஒருவரும் எழுதியிருக்க முடியுமா? கண்ணால் கண்ட ஒரு பொருளாவது, காதால் கேட்ட ஒரு பேச்சாவது இதில் உண்டா? கடைசி வரியை எடுத்துவிட்டால் படைப்பு குறைகிறதா, நிறைகிறதா? எடுத்துக்கொண்ட வடிவம் இந்த அனுபவத்துக்குத் தேவைப்பட்டதா? எழுத்துப் பிழையையும் கோணலான கோட்டையும் இவற்றுக்குப் பிறகு கவனித்தால் போதும்.

மூன்றாவது கேள்வி குறிப்பாக முக்கியமானது. மாணவர் படைப்புகள் பலவற்றில் கடைசி வரி ஆசிரியருக்காக எழுதப்பட்டது. 'ஆகவே உழைப்பை மதிப்போம்', 'குழந்தைத் தொழிலை ஒழிப்போம்' என்று அது அறிவிக்கும். அந்த வரியை மாணவரோடு சேர்ந்து அடித்துப் பார்க்கலாம். அதற்கு முந்தைய வரியில் ஒரு கையோ ஒரு பாத்திரமோ மிஞ்சி நின்றால், அந்த மாணவருக்கு எழுத வந்துவிட்டது. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் "உங்க வீட்டுல அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.